பில்டு ஃபெயில் ஆனால் யார் தப்பு? ‘பக்’ கதையில் வரும் கிரேஸ் ஹாப்பர் உண்மையில் செய்தது என்ன?

காலை எட்டரை மணிக்கு கணபதி டெக்ஸ்டூல் ஸ்டாப்பில் நின்று பார்த்தால் சத்தி ரோட்டில் இரண்டு கூட்டம் தெரியும். லேத் பட்டறைக்கும் ஃபவுண்டரிக்கும் போகிறவர்கள் ஒரு கூட்டம். கழுத்தில் ஐடி கார்டோடு சரவணம்பட்டி பக்கம் போகிறவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டாவது கூட்டத்தில் யாராவது பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போனைப் பார்த்து முகம் சுளித்தால், காரணம் அநேகமாக இதுதான்: ராத்திரி போட்டுவிட்டு வந்த பில்டு ஃபெயில் ஆகியிருக்கும்.

ஐடி ஃபீல்டில் இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஒரு ஆப் என்பது ஒரே ஃபைல் அல்ல. பத்து பேர் எழுதிய நூற்றுக்கணக்கான துண்டுகளையும், வேறு யாரோ எப்போதோ எழுதி லைப்ரரியில் வைத்த துண்டுகளையும் சேர்த்து, மெஷினுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றி, ஒன்றோடு ஒன்று இணைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் சாஃப்ட்வேர்தான் பில்டு டூல். இணைக்க முடியாவிட்டால் அது ஒரு எர்ரர் மெசேஜைத் துப்பிவிட்டு நின்றுவிடும். அந்த மெசேஜ் புரிந்தால் ஐந்து நிமிஷ வேலை. புரியாவிட்டால் அன்றைய பொழுது அதோடு போச்சு.

உதாரணத்துக்கு, 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற பில்டு டூல். அதில் கட்டளை வரி டேபில் தொடங்க வேண்டும். டேபுக்குப் பதிலாக ஸ்பேஸ் தட்டிவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் பில்டு நின்றுவிடும். பிரிப்பானைக் காணோம் என்று மட்டும் மெசேஜ் வரும். எந்தப் பிரிப்பான், ஏன்? ஒன்றும் இருக்காது. பிற்பாடு குனு மேக்கை எழுதியவர்கள், எட்டு ஸ்பேஸ் இருந்தால் டேபைத்தான் நினைத்தீர்களா என்று கேட்கும் ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். அந்த ஒரு வரி எத்தனை பேரின் சாயந்தரத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று கணக்குப் போட வழியில்லை.

இந்தத் துண்டு இணைக்கும் வேலையை மனிதன் ஏன் செய்ய வேண்டும், மெஷினே செய்துகொள்ளட்டுமே என்று முதலில் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் கிரேஸ் ஹாப்பர். ‘பக்’ என்றதும் அந்துப்பூச்சிக் கதையோடு அவர் பெயர் வரும். அந்தக் கதையில் பாதி தப்பு. அவர் உண்மையில் செய்த வேலை அதைவிடப் பெரியது.

ஏழு கடிகாரம்

1906 டிசம்பர் 9-ல் நியூயார்க்கில் பிறந்தார் கிரேஸ் மர்ரே. ஏழு வயதில் அலாரம் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒன்றைக் கழற்றினார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. இன்னொன்றைக் கழற்றிப் பார்த்தார். இப்படி வீட்டில் இருந்த ஏழு கடிகாரமும் கழன்றுவிட்டன. அம்மா திட்டவில்லை, இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். (நம் ஊர் ஜி.டி. நாயுடுவின் சின்ன வயசுக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த டைப் பிள்ளைகளைத் தெரியும்.)

லத்தீன் பேப்பரில் கோட்டை விட்டதால் வாசர் காலேஜில் சேர ஒரு வருஷம் காத்திருந்தார். 1928-ல் கணிதமும் இயற்பியலும் முடித்தார். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் பிஎச்.டி. நடுவில் வின்சென்ட் ஹாப்பரைத் திருமணம் செய்துகொண்டார். 1945-ல் விவாகரத்து ஆனாலும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. வாசரிலேயே பேராசிரியர் வேலை. அப்படியே இருந்திருந்தால் ரிட்டயர்மென்ட் வரை நிம்மதியாகப் பாடம் நடத்தியிருக்கலாம்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கடற்படையின் பெண்கள் பிரிவில் சேரப் போனார். வயது அதிகம், எடை 15 பவுண்டு குறைவு, கணிதப் பேராசிரியர் என்பதால் வேலையை விட்டு வரக்கூடாது என்று மூன்று தடை. விடாமல் நின்று விலக்கு வாங்கி 1943 டிசம்பரில் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம். 1944 ஜூலையில் ஹார்வர்டுக்கு அனுப்பினார்கள். அங்கே ஹோவர்ட் எய்கன் என்ற கறாரான கமாண்டரும், மார்க் 1 என்ற மெஷினும் காத்திருந்தார்கள்.

24 ஓட்டை, ஒரு காகித நாடா

மார்க் 1-ஐக் கற்பனை செய்து பாருங்கள். 51 அடி நீளம், 8 அடி உயரம், சுமார் 5 டன் எடை. ஒரு நொடிக்கு மூன்று கூட்டல் போடும். ஒரு பெருக்கலுக்கு ஆறு நொடி வரை எடுத்துக்கொள்ளும். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போன் இதைக் கேட்டால் சிரிக்கும். ஆனால் அந்தக் காலத்தில் மனிதர்கள் மாதக்கணக்கில் போட்ட கணக்கை அது நாள்கணக்கில் முடித்தது. அணுகுண்டு தொடர்பான ஒரு கணக்கோடு ஜான் வான் நாய்மன் வந்ததும் இந்த மெஷினைத் தேடித்தான்.

அதற்கு உத்தரவு கொடுப்பது காகித நாடாவில் ஓட்டை போட்டு. ஒரு வரிக்கு 24 இடம். எந்த இடத்திலிருந்து எண்ணை எடுப்பது, எங்கே வைப்பது, என்ன செய்வது என்று எட்டு எட்டாக மூன்று பகுதி. ஒரு ஓட்டை இடம் மாறினால் போதும், கணக்கு தப்பு. மெஷின் நிற்கும், அல்லது நிற்காமலே தப்பான விடையைக் கொடுக்கும். இரண்டில் பின்னது ஆபத்து. எர்ரர் மெசேஜ் என்று ஒன்று இல்லவே இல்லை. ராத்திரி பகலாக ஓடும் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்த ரிலே மாட்டிக்கொண்டது, எந்த ஓட்டை தப்பு என்று ஆள்தான் தேட வேண்டும்.

மெஷினுக்கு மேனுவல் எழுதும் பொறுப்பை எய்கன் ஹாப்பரிடம் கொடுத்தார். 1946-ல் வந்த அந்தப் புத்தகம் 561 பக்கம். இந்தக் கட்டுரையைப் படிக்கும் டெவலப்பர்களில் எத்தனை பேர் டாக்குமென்டேஷன் எழுதச் சொன்னால் நழுவுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஹாப்பரின் பிற்கால யோசனைகளுக்கு அடித்தளம் அந்தச் சலிப்பான வேலைதான் என்பது என் கணிப்பு. ஒரு மெஷினை இன்னொருவருக்குப் புரியவைக்க உட்கார்ந்தால்தான், அது எங்கெல்லாம் புரியாமல் இருக்கிறது என்று தெரியும்.

அந்துப்பூச்சி: எது நிஜம்?

1947 செப்டம்பர் 9. அடுத்த மெஷினான மார்க் 2 தகராறு செய்தது. தேடியதில் ‘எஃப்’ பேனலில் 70-ம் எண் ரிலேயில் ஒரு அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து லாக் புக்கில் டேப் போட்டு ஒட்டி, பக் ஒன்று நிஜமாகவே கிடைத்த முதல் சம்பவம் இது என்று பக்கத்திலேயே எழுதிவைத்தார்கள்.

அந்தக் குறிப்பிலேயே விஷயம் இருக்கிறது. ‘பக்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால்தான் அது ஜோக். தாமஸ் எடிசன் 1878-லேயே தன் கண்டுபிடிப்புகளில் வரும் கோளாறுகளை அப்படிச் சொல்லியிருக்கிறார். பூச்சியைப் பிடித்தது ஹாப்பர் அல்ல, லாக் புக்கில் இருப்பதும் அவர் கையெழுத்து அல்ல. பிற்காலத்தில் மேடைக்கு மேடை அந்தக் கதையைச் சுவையாகச் சொன்னது அவர், அதனால் கதை அவர் பெயரில் பதிந்துவிட்டது. பூச்சியோடு அந்தப் பக்கம் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது.

காப்பி அடித்தால் வரும் வினை

ஹார்வர்டில் ஹாப்பரும் சகாக்களும் நன்றாக ஓடிய கோடு துண்டுகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். அடுத்த கணக்குக்கு சைன் வேண்டுமா, வர்க்கமூலம் வேண்டுமா, பக்கத்து மேஜைக்காரரின் நோட்டை வாங்கிக் காப்பி அடித்துவிடலாம். இன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து எடுக்கிறோமே, அதன் தாத்தா.

இதில் இரண்டு சிக்கல். ஒவ்வொரு துண்டும் பூஜ்யத்தில் தொடங்குவதாக எழுதப்பட்டிருக்கும். புது புரோகிராமில் வேறு இடத்தில் செருகும்போது எல்லா முகவரியையும் கையால் கூட்டி மாற்ற வேண்டும். கூட்டலில் தப்பு வரும். அடுத்து, எழுத்து மாறும்: ‘பி’ என்ற ஆங்கில எழுத்து 13 போலத் தெரியும், டெல்டா 4 போலத் தெரியும். புரோகிராமர்களுக்குக் கூட்டவும் வராது, காப்பி அடிக்கவும் வராது என்பது ஹாப்பர் கண்ட உண்மை. இதைக் கண்டுபிடித்த பெரும்பாலான மேலதிகாரிகள் என்ன செய்வார்கள்? கவனமாக இருங்கள் என்று ஒரு மெயில் போடுவார்கள். ஹாப்பர் வேறு மாதிரி யோசித்தார். கூட்டவும் காப்பி அடிக்கவும் மிகவும் ஏற்றது கம்ப்யூட்டர்தானே, அந்த வேலையை அதனிடமே விட்டால் என்ன?

அதற்குள் வாழ்க்கை ஒரு குட்டிக்கரணம் அடித்தது. ஹார்வர்டில் பெண்ணுக்கு நிரந்தர வேலை கிடையாது. 1949-ல் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தார். அந்த வருஷங்களில் குடிப்பழக்கம் அவரை மோசமாகப் பிடித்திருந்தது, நண்பர்கள் பயந்தார்கள். பிலடெல்பியாவில் எக்கெர்ட்-மாச்லி என்ற சின்ன ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தார். யூனிவாக் என்ற கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி பணமில்லாமல் தள்ளாடி, 1950-ல் ரெமிங்டன் ராண்டுக்கு விற்கப்பட்டது.

கூடைப்பந்து கொடுத்த விடை

அங்கேதான் ‘ஏ-0’ பிறந்தது. 1951–52-ல் எழுதி, 1952 மே மாதம் பிட்ஸ்பர்க்கில் நடந்த மாநாட்டில் கட்டுரையாகவும் வாசித்தார். யோசனை எளிமையானது. எல்லா துண்டுகளையும் மேக்னடிக் டேப்பில் வரிசையாக வை. ஒவ்வொன்றுக்கும் ஒரு அழைப்பு எண் கொடு. புரோகிராமர் எண்களை மட்டும் எழுதட்டும். துண்டுகளை எடுப்பது, அடுக்குவது, முகவரியை மாற்றுவது எல்லாம் மெஷின் பாடு. லைப்ரரியிலிருந்து எடுத்துத் தொகுப்பதால் அதைக் கம்பைலர் என்றார். தமிழில் நாம் தொகுப்பி என்கிறோம். இன்றைய கம்பைலர் தொகுப்பதைவிட மொழிபெயர்ப்பதே அதிகம். ஏ-0 செய்த வேலை இன்றைய லிங்கர் செய்யும் வேலைக்கு நெருக்கமானது. அந்த விதத்தில் அது பில்டு டூலின் பாட்டி.

கணபதிக்காரர்களுக்கு இதைச் சட்டென்று விளக்கலாம். ஜி.டி. நாயுடுவோடு சேர்ந்து 1937-ல் மின் மோட்டார் செய்த டி. பாலசுந்தரம் நாயுடு தொடங்கியதுதான் டெக்ஸ்டூல். அங்கே நூல் நூற்கவில்லை, நூல் நூற்கும் மெஷினைச் செய்தார்கள். ஹாப்பர் எழுதியதும் கணக்குப் போடும் புரோகிராம் அல்ல, புரோகிராமைச் செய்யும் புரோகிராம்.

ஒரு இடத்தில் வேலை முட்டியது. யூனிவாக்கின் நினைவகத்தில் மொத்தம் 1,000 சொல்லுக்குத்தான் இடம். ஒரே ஓட்டத்தில் வேலையை முடிக்க வேண்டும். பின்னால் போன துண்டுக்குத் தாவ வேண்டும் என்றால் பிரச்சினை இல்லை, அது எங்கே இருக்கிறது என்று தெரியும். இன்னும் வராத, முன்னால் வரப்போகிற துண்டுக்குத் தாவ வேண்டும் என்றால்? அதன் முகவரியே இன்னும் பிறக்கவில்லையே.

அப்போது அவருக்குக் காலேஜில் ஆடிய கூடைப்பந்து ஞாபகம் வந்தது. அந்தக் காலத்துப் பெண்கள் ஆட்ட விதிப்படி பந்தை ஒரு தடவைதான் தட்டலாம், கையில் வைத்துக்கொண்டு ஓர் அடிகூட நகரக்கூடாது. கூடைக்குப் பக்கத்தில் போக ஒரே வழி, பந்தை அணித்தோழியிடம் எறிந்துவிட்டு நாம் முன்னால் ஓடி, அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வது. அதையே கோடில் செய்தார். நினைவகத்தின் கடைசியில் ஒரு சின்ன மூலையை ஒதுக்கினார். முகவரி தெரியாத தாவல் எல்லாம் முதலில் அந்த மூலைக்குப் போகும். கூடவே, உனக்கு ஒரு சேதி காத்திருக்கிறது என்று ஒரு கொடி. பிறகு வரும் ஒவ்வொரு துண்டும் தனக்குக் கொடி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் மூலையிலிருந்து தன் இடத்துக்கு இன்னொரு தாவலைப் போட்டுவிடும். வேலை முடிந்தது.

இன்று உங்கள் ஸ்கிரீனில், குறிப்பிட்ட பெயரைக் காணோம் என்று லிங்கர் எர்ரர் வருகிறது அல்லவா? கிட்டத்தட்ட இதே கதைதான். கொடி நட்டாயிற்று, அதற்குச் சொந்தம் கொண்டாட எந்தத் துண்டும் வரவில்லை. பெயரில் ஸ்பெல்லிங் தப்பாக இருக்கலாம், லைப்ரரியைச் சேர்க்க மறந்திருக்கலாம். காரணம் இது என்று தெரிந்தவருக்கு அந்த மெசேஜ் பாதி பயத்தோடு போய்விடும்.

ஏ-0-வை உடனே எல்லோரும் கொண்டாடினார்களா என்றால் இல்லை. கம்ப்யூட்டர் கணக்குதான் போடும், புரோகிராம் எழுதாது என்று நம்ப மறுத்தார்கள். ஹாப்பர் ஓயவில்லை. 1953-ல் வந்த ‘ஏ-2’வை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும்போது மூலக் கோடையும் சேர்த்தே கொடுத்தார்கள், மேம்படுத்தினால் திருப்பி அனுப்புங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள். கிட்ஹப், புல் ரிக்வெஸ்ட் எல்லாம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால் நடந்த சங்கதி இது.

மேனேஜர்கள் மிரண்ட கதை

அடுத்த அடி இன்னும் துணிச்சல். சம்பளக் கணக்கு பார்க்கிறவருக்கு எதற்குக் கணிதக் குறியீடு? சாதாரண ஆங்கில வாக்கியத்தில் எழுதட்டும் என்றார். முடியாது என்றார்கள். மாதிரி ஒன்றைச் செய்து காட்டினார். சொற்கள் மெஷினுக்கு வெறும் குறிகள்தான், எந்த மொழியாக இருந்தால் என்ன என்று நிரூபிக்க அதே புரோகிராமை பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ஓட்டினார். மேனேஜ்மென்ட் மிரண்டுவிட்டது. அமெரிக்காவில் செய்த கம்ப்யூட்டர் எப்படி வெளிநாட்டு மொழி பேசலாம்? ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் வேலையைத் தொடர முடிந்தது. அந்த மேனேஜர்கள் மட்டும் அன்று கொஞ்சம் தைரியமாக இருந்திருந்தால் என்று தமிழில் கோடு எழுத ஆசைப்படுகிறவர்கள் பெருமூச்சு விடலாம்.

அப்படி வந்ததுதான் ஃப்ளோ-மேட்டிக். அதை அடித்தளமாக வைத்து 1959-ல் பென்டகனில் தொடங்கிய கூட்டு முயற்சியில் கோபால் மொழி உருவானது. ஹாப்பரைக் கோபாலின் தாய் என்பார்கள். அவர் அதில் ஆலோசகர்தான், மொழியை வடித்தது ஜீன் சாமெட் உள்ளிட்ட குழு. 1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராமை ஆர்சிஏ மெஷினிலும் யூனிவாக்கிலும் ஓட்டிக் காட்டினார்கள். அதுவரை ஒரு கம்பெனி மெஷினுக்கு எழுதியதை அடுத்த கம்பெனி மெஷினுக்கு முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. 1990-களின் கடைசியில் ஒய்2கே பிரச்சினை வந்தபோது, பழைய கோபால் கோடைச் சரிசெய்யப் போன வேலைதான் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு முதல் விமான டிக்கெட். உங்கள் மாமாவோ சித்தப்பாவோ அதில் ஒருவராக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

டூலையே டெஸ்ட் செய்த பாட்டி

1966 கடைசியில் வயதைக் காரணம் காட்டி கடற்படை ஹாப்பரை ரிட்டயர் ஆக்கியது. ஏழே மாதத்தில், 1967 ஆகஸ்டில், ஆறு மாதத்துக்கு மட்டும் என்று திரும்பக் கூப்பிட்டது. அந்த ஆறு மாதம் 19 வருஷம் நீண்டது.

எதற்குக் கூப்பிட்டார்கள்? கோபால் என்ற பெயரில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு கம்பைலரை விற்றுக்கொண்டிருந்தது. ஒன்றில் ஓடுவது இன்னொன்றில் ஓடாது. புரோகிராமர் தன் கோடில் தப்பு இருக்கிறது என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்வார், தப்பு கம்பைலரில் இருக்கும். இதைவிடக் கொடுமையான பக் கிடையாது. சேலை நெய்தவரைக் குறை சொல்லிக்கொண்டே இருப்போம், கோளாறு தறியில் இருக்கும்.

ஹாப்பரின் குழு கம்பைலர்களுக்கே பரீட்சை வைத்தது. தர விதியில் இருக்கும் ஒவ்வொரு அம்சத்தையும் சோதிக்கும் புரோகிராம்களை எழுதி, கம்பைலர் அதைச் சரியாகக் கையாள்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு அமெரிக்க அரசு கோபால் கம்பைலர்களை வாங்குவதற்கு முன் சோதிக்கும் முறை இதிலிருந்துதான் வளர்ந்தது. சாஃப்ட்வேர் வரலாற்றில் இந்த அத்தியாயத்துக்கு அந்துப்பூச்சிக்குக் கிடைத்த பேரில் நூறில் ஒரு பங்கு கூடக் கிடைக்கவில்லை.

எர்ரர் மெசேஜைச் செதுக்கியது ஹாப்பர் மட்டுமல்ல, அதைச் சொல்லிவிட வேண்டும். அதில் வேறு பலரின் உழைப்பு இருக்கிறது. 1965-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நான்கு இளநிலை மாணவர்கள் ‘வாட்ஃபார்’ என்ற ஃபோர்ட்ரான் கம்பைலரை எழுதினார்கள். வேகமாக ஓடுவதும், மாணவர் செய்த தப்பைத் தெளிவாகச் சொல்வதும்தான் அதன் பெயர் பரவக் காரணம். ஆனால் தப்பு செய்வது மனித சுபாவம், அதைத் தாங்கிக்கொள்வது டூலின் கடமை என்ற நிலைப்பாட்டை முதலில் எடுத்தவர்களில் ஹாப்பர் ஒருவர்.

வயதான காலத்தில் அவர் ஒரு ஸ்டாராகவே ஆகிவிட்டார். கூட்டங்களுக்குப் போகும்போது சுமார் 30 சென்டிமீட்டர் நீள ஒயர் துண்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோவார். மின்சாரம் ஒரு நானோ நொடியில் அதிகபட்சம் அவ்வளவு தூரம்தான் போக முடியும் என்று காட்ட. சாட்டிலைட் வழியாகச் சேதி போக ஏன் நேரமாகிறது என்று கேட்கும் அதிகாரிகளுக்கு அதுதான் பதில். எப்போதும் இப்படித்தான் செய்தோம் என்ற பேச்சு அவருக்கு ஆகவே ஆகாது. அதற்காகவே ஆபீஸில் எதிர்த்திசையில் ஓடும் கடிகாரம் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். ஏழு கடிகாரத்தைக் கழற்றியவரிடம் இது எதிர்பார்த்ததுதான்.

1986 ஆகஸ்ட் 14-ல், பாஸ்டனில் நங்கூரமிட்டிருந்த ‘கான்ஸ்டிட்யூஷன்’ போர்க்கப்பலில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். வயது 79. வீட்டில் உட்காரவில்லை, டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்துகொண்டார். 1992 ஜனவரி 1-ல், 85 வயதில், வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் காலமானார். 2016-ல் அவருக்கு அமெரிக்காவின் உயர்ந்த சிவிலியன் விருது கொடுக்கப்பட்டது. ஏஐ மாடல்களை ஓட்டும் என்விடியாவின் ஒரு சிப் வரிசைக்கும் ஹாப்பர் என்றுதான் பெயர்.

அவர் பெயரில் அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றும் 1997-லிருந்து ஓடுகிறது. அதன் எண் 70. பூச்சி சிக்கிய ரிலேயின் எண்ணும் அதுவேதான்.